திரி: ஒன்று, இரண்டு

பத்து மீற்றர். பச்சை நிறம்.
பின்னல் நூல் மொத்தத்தில்
சுருண்டு கிடக்கும் ஒரு வால்.
இதை என் பெயரில் வைத்திருக்க
பதினொரு பக்கம் நிரப்ப வேண்டியிருந்தது.

ஏழாம் பக்கம் கேட்டது: எதற்காக?
பதிலுக்கு விட்டிருந்த இடம் இரண்டு வரி.

நவம்பரில், ஹெய்ல்ஷம் மைதானத்தில்,
வாணவேடிக்கை முடிகிற நேரம்
மரச்சட்டத்தில் எழுத்துகள் பற்றி எரியும்.
முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துக்கு
நெருப்பு ஓடுகிற பாதையைக் கட்டுவது நான்.
பகலில் பொய்ப்பல் அரம்போட்டுத் தேய்ப்பவள்.
போன வருடம் நடு எழுத்து பிந்திப் பற்றியது.
அன்றிலிருந்து தூக்கமில்லை. ஒரு முழம் எரிய
எத்தனை வினாடி, ஈரக்காற்றில் எத்தனை,
முடிச்சைத் தாண்ட எத்தனை?

இதெல்லாம் இரண்டு வரியில் அடங்காது.
'பொழுதுபோக்கு' என்று எழுதினேன்.

எட்டாம் பக்கம்: முன் அனுபவம் உண்டா?
மூன்று வருடம், சங்கத்தோடு, என்றேன்.
பதுங்குகுழிக்குள் குந்தியிருந்து
கூவலுக்கும் விழுகைக்கும் இடையில்
எண்ணிப் பழகிய வினாடிகளை
அவர்கள் கேட்கவில்லை.
நானும் எழுதவில்லை.

சனி காலை கான்ஸ்டபிள் பெல்லிங் வந்தார்.
வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினார்.
காலுறை ஓட்டையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது.
பாதிப் பயம் அப்போதே போயிற்று.

மாடிப்படிக்குக் கீழே வைக்கலாமா?
"தீ என்றால் நீங்கள் இறங்கி ஓடுகிற வழி அது."
குசினி?
கொதிகலனைக் காட்டித் தலையாட்டினார்.
தோட்டத்துக் கொட்டில்?
புல்வெட்டியும் பெற்றோல் கேனும்
அவருக்கு முன்னாலேயே விழித்துக்கொண்டு நின்றன.
படுக்கையறையில் ரமணீதரன்
இரவு வேலை முடித்துக் குறட்டையில் இருந்தார்;
பொலிஸ்காரர் பூனைபோல நடந்து
கட்டிலிலிருந்து சுவருக்கு நாடா பிடித்து அளந்தார்.
வேண்டாம், என்றார் சைகையால்.

மிஞ்சியது பின்னறை.
சுவரோடு பதிந்த அலுமாரி, நல்ல பூட்டு,
ஈரமில்லை, வெயில் படாது.
"இதுதான்," என்றார். பிறகு
மேல்தட்டைப் பார்த்தார்.
மேல்தட்டு அவரைப் பார்த்தது.

"அந்த விளக்கு எரிவதுண்டா?"
"தினமும்."
"எரிவது எது?"
"திரி."
"பெட்டியில் வைக்கப்போவதை உங்கள் மொழியில்...?"
"அதுவும் திரிதான்."

பேனையை நிறுத்தி யோசித்தார்.
குறிப்புப் புத்தகத்தில் என் சொல்லை
ஆங்கில எழுத்தில் இரண்டு தரம் எழுதி
ஒன்று, இரண்டு என இலக்கமிட்டார்.
ஒன்றுக்கு அனுமதி வேண்டாம்.
இரண்டுக்கு வேண்டும்.
ஒன்றும் இரண்டும் ஓர் அறையில் ஆகாது.
"எது போகும் என்று நீங்களே முடிவு செய்யலாம்,"
என்றார், மிகவும் மரியாதையாக.

பின்னேரம் ரமணீதரன் முகம் கழுவி,
விபூதிக்குக் கையை நீட்டி,
வெறுந்தட்டைத் தடவிவிட்டுக் கேட்டார்:
"பிள்ளையார் எங்கே?"
"கீழே. சோபாவுக்குப் பக்கத்தில்."
"ஏன்?"
"சட்டம்."
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"அவருக்கு டீவி தெரியுமா அங்கேயிருந்து?" என்றார்.

சான்றிதழ் ஒன்பது கிழமையில் வந்தது.
பித்தளைத் திருகாணி போட்ட மரப்பெட்டி,
அதன் சாவி என் கழுத்தில்,
தாலிக்கொடியோடு உரசிக்கொண்டு.
கூடவே ஒரு கணக்குப் புத்தகம்.
வரவு: பத்து மீற்றர்.
செலவு: முப்பது சென்ரிமீற்றர், சோதனை, மழைக்காற்று.
மீதி: ஒன்பது எழுபது.

வெள்ளிக்கிழமை கீழே விளக்கேற்றினேன்.
கை சும்மா இருக்கவில்லை,
அதே புத்தகத்தை விரித்து எழுதிவிட்டது:
செலவு: நாலு விரற்கடை. பஞ்சு. நல்லெண்ணெய்.

பக்கத்தைக் கிழிக்கக் கூடாது.
அழிக்கவும் கூடாது, அது எனக்கே தெரியும்.
ஒற்றைக் கோடு இழுத்து
ஓரத்தில் கையொப்பம் வைத்தேன்.

அடுத்த பரிசோதனைக்குப் பெல்லிங் வருவார்,
சப்பாத்தைக் கழற்றிவிட்டு
அந்த வரியில் விரல் வைப்பார்.
ஒன்று, என்று சொல்ல வேண்டும்.