மாற்றுப் பாதையில் செல்லவும்

அஸ்தம்பட்டியில், நகைக்கடன் கம்பெனிக்கு மேல்மாடியில்
எங்கள் ஆபீஸ்.
ராத்திரி பத்துக்கு உள்ளே போனால் விடியும்வரை
கப்பல்களுக்கு வழி சொல்வேன்.
கடலை நான் பார்த்தது மூன்று முறை.
மூன்றும் மெரினா.
ஒரு முறை செருப்பைத் தொலைத்தேன்.

திரையின் மேலே, உலகத்தின் உச்சந்தலையில்
போன வருஷம்வரை வெள்ளையாய் இருந்த இடம்
இந்த ஆகஸ்டில்
வகிடெடுத்த மாதிரி நீலமாய்ப் பிரிந்து கிடக்கிறது.
பூசானிலிருந்து ராட்டர்டாம்.
மலாக்கா, சூயஸ் என்று சுற்றாமல் வடக்கே ஏறினால்
ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் மிச்சம்.
எண்ணெய், நாள் வாடகை, பனியுடைக்கும் கப்பலுக்குக் கூலி,
காப்பீட்டுக்காரரின் முகச்சுளிப்பு
எல்லாம் கூட்டிக் கழித்து
நேற்று முதல் தடவையாக
வடக்கே போ என்றது கணினி.
ஒரு கோடு போட்டேன்.
போட எனக்கு நாலு நிமிஷம் ஆனது.

அந்தக் கோடு மலாக்காவைத் தொடவில்லை.
காம்பெல் விரிகுடாவில்
சித்தேசனைத் தொடவில்லை.

சித்தேசன் கடற்படை.
ஜலசந்தி வாயில் நுழைகிற கப்பல்களை
ராடார் முன்னால் உட்கார்ந்து எண்ணுகிறவன்.
தாலி கட்டிய பதினெட்டாம் நாள் போனான்.
"ஊர் உலகத்துச் சரக்கெல்லாம்
என் கண்ணு முன்னாடிதான் போவணும் புள்ள.
சண்டைன்னு வந்தா கதவச் சாத்திருவோம்.
எண்ணெயில்லாம எவன் எத்தன நாள் தாங்குவான்?"
சரிதான் என்பேன்.
கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை
நானே நீக்கிவிட்டு வந்ததை
எந்த வாயால் சொல்ல?

சனிக்கிழமை. தூக்கம் பிடிக்கவில்லை.
ஏற்காடு பஸ் ஏறினேன்.
அடிவாரத்தில் பலகை: மண்சரிவு.
மாற்றுப் பாதையில் செல்லவும்.
டிரைவர் பெருமூச்சுகூட விடாமல்
குப்பனூர்ப் பக்கம் திருப்பினார்.

கொட்டச்சேட்டில் மாதம்மா ஏறினாள், கூடையோடு.
பழைய சாலையில், பதிமூன்றாம் வளைவில் கடை போடுகிறவள்.
வண்டிகள் சூடேறி நிற்கிற இடம்,
குழந்தைகள் வாந்தியெடுக்கிற இடம்.
"இந்த ரோட்ல எப்படிக்கா யாவாரம்?"
"எவன் நிக்கறான்? வளைவு கம்மி.
குமட்டுனாத்தான எலுமிச்சம்பழம்."
"அப்ப?"
"மண்ண அள்ளிட்டா மறுபடி அங்கதான்."

மண்ணை அள்ளிவிடலாம்.
ஜேசிபி வந்துவிட்டது என்று கண்டக்டரும் சொன்னார்.

மேலே ஏற ஏற மூடுபனி.
பனிக்கூரைக்கு அடியில் பதுங்கியிருந்த நீர்மூழ்கிகள்
இப்போது ஓடு பறந்த வீட்டுக்காரர்கள் மாதிரி
வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.
யார் யாரோ அந்தக் கரையில் கொடி நடுவார்கள்,
ஓடுதளம் போடுவார்கள்.
கம்பளிக்குள் விறைத்தபடி ஒரு பையன்
புது ராடார் முன்னால் உட்கார்ந்து
ஒன்று, இரண்டு என்று தொடங்குவான்.
அவனுக்கும் பதினெட்டு நாள் கிடைத்திருக்குமோ என்னவோ.

பகோடா முனையில் நின்றால் சேலம் தெரியும் என்பார்கள்.
அன்றைக்கு வெள்ளை மட்டும்.
போன் அடித்தது.
"என் ஷிப்ட்ல எண்பத்து நாலு புள்ள.
நேத்தைக்கு ஒண்ணு கம்மி."
என் கப்பல் இன்னும் பூசானை விட்டே கிளம்பவில்லை.
அந்த ஒன்று
வேறு எந்த ஊரிலோ, எந்த மேல்மாடியிலோ
வேறு யாரோ போட்ட கோடு.
இல்லை, சும்மாவும் இருக்கலாம்.
"மழையா இருக்கும்" என்றான்.
"மழைதான்" என்றேன்.

இறங்கும்போது காசு வாங்காமல்
மாதம்மா கையில் திணித்த எலுமிச்சம்பழம்.
குமட்டவில்லை.
ஆனாலும் நகத்தால் கீறி
முகர்ந்துகொண்டே நின்றேன்.