முதல் முகம்

பதினோராம் நம்பர் மேசை என்னுடையது.
பெல்ட்டில் வரும் போனை எடுத்து
முன் கேமராவைத் திறக்க வேண்டும்.
தொப்பி, மாஸ்க், நடுவில் இரண்டு கண்.
பச்சைச் சதுரம் அதை முகமென்று ஒப்புக்கொண்டால்
பாஸ்.
அடுத்தது.

ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரத்து இருநூறு.
எந்த ஊருக்குப் போகுமோ,
யார் பிரசவத்தைப் படமெடுக்குமோ,
எந்தக் கடன்காரன் அழைப்பில் நடுங்குமோ,
அத்தனையும் முதன்முதலில் பார்த்தது
அஞ்செட்டி மாதேஸ்வரியை.
ஒரு ராத்திரி மூன்று மணிக்கு
தூங்கி விழாமலிருக்கப் போட்ட கணக்கு இது.

பன்னிரண்டாம் மேசையில் ஹேமலதா.
போனுக்கு எல்லாவற்றையும் மறக்கடித்துப்
பெட்டிக்கு அனுப்புவது அவள் வேலை.
"ஆயிரத்து எரநூறு தடவ உன்ன அழிச்சேண்டி இன்னிக்கி"
என்பாள் கேன்டீனில்,
ரசத்தை ஊதிக்கொண்டே.

போன திங்கட்கிழமை
மாஸ்க்குக்குள் நாக்கைத் துருத்திப் பார்த்தேன்.
பாஸ்.
உதட்டைக் கோணினேன்.
பாஸ்.
வார்டனைத் திட்டினேன், சத்தமில்லாமல், முழு வாக்கியமாக.
பாஸ்.
அப்புறம் நிறுத்த முடியவில்லை.
ஒரு போனுக்குத் தம்பியின் அரியர் விவகாரம்,
ஒன்றுக்கு என் சீட்டுப் பணம்,
வெள்ளை நிறத்தில் வந்த ஒன்றுக்கு மட்டும்
யாரிடமும் சொல்லாத ஒரு பெயர்.

விடியும்போது நாற்பது கூடுதலாக ஓடியிருந்தது.
"என்னம்மா டெக்னிக்?" என்றார் சூப்பர்வைசர்.
ஒன்றுமில்லை சார் என்றேன்.
அதையும் மாஸ்க்குக்குள் சிரித்துக்கொண்டுதான்.

லாக்கரிலிருந்து எங்கள் போன்கள் கைக்கு வந்தன.
பஸ்ஸில் அறுபது தலையும் குனிந்திருந்தது,
பொய் எதற்கு, என்னுடையதும்தான்.
சூளகிரி தாண்டும்போது சார்ஜ் செத்தது.
வெளியே ரோஜாக் கொட்டகைகளின் பிளாஸ்டிக் கூரை
வெயில் பட்டுக் கண் கூசியது.
ஹேமலதா என் தோளில் விழுந்து தூங்கினாள்.
அவள் கட்டைவிரல் எங்கோ பட்டு
மடியிலிருந்த போனில்
முன் கேமரா திறந்துகொண்டது.

இரண்டு முகம்.
ஒன்று வாய் பிளந்து, எச்சில் ஒழுகி.
ஒன்று கன்னத்தில் எலாஸ்டிக் தடத்தோடு.
பச்சைச் சதுரம் அவளுக்குத் தாவி
எனக்குத் தாவி
மறுபடி அவளுக்கு.
எந்த முகம் என்று அதற்குப் பிடிபடவில்லை.
நான் படம் எடுக்கவில்லை.
பார்த்துக்கொண்டே வந்தேன்.

பிரேக் போட்டதில் பாதிக் கண் திறந்து கேட்டாள்,
"ஹாஸ்டல் வந்துடுச்சா?"

இல்லடி, தூங்கு என்றேன்.

வந்துதான் இருந்தது.