நாலு நிமிடம் பதினோரு நொடி

வூச் நகரத்துப் பழைய பருத்தி ஆலை.
மூன்றாம் மாடியில் காலினாவின் ஒலிப்பதிவுக் கூடம்.
லிஃப்ட் இல்லை.
கல்யாண வீட்டில் குடித்துச் சரிந்த மைத்துனனைப் போல்
என் டபுள் பாஸைத்
தோளில் சாய்த்துப் படியேற்றினேன்.

நவம்பர். நாலு மணிக்கே இருட்டு.
காகிதம் ஒன்றும் கொண்டுவரவில்லை.
"என்ன வாசிக்கப் போகிறாய்?"
"விரல் சொல்லும்" என்றேன்,
பெரிய ஆள் மாதிரி.

இரண்டு மைக்குகள். ஒன்று வயிற்றுக்கு நேரே.
மற்றது இடது கைக்குப் பக்கத்தில்:
தந்தியில் தோல் உரசுவதும் வேண்டுமாம் அவளுக்கு.
சிவப்பு விளக்கு எரிந்ததும்
கண்ணை மூடிக்கொண்டேன்.

வாசிக்கும்போது தெரியாது
என்ன வாசிக்கிறோம் என்று.
ஒரு சுரத்தில் கால் வைத்துப் பார்க்கிறோம்.
தாங்கினால் அடுத்தது.
தாங்காவிட்டால்
விழுகிற வேகத்தையே தாளமாக்கிக்கொள்கிறோம்.
அப்படி ஏழு நிமிடம்.

நடுவில் ஓரிடத்தில் சட்டென்று நின்றேன்.
எட்டு நொடி, ஒன்றுமில்லை.
பிறகு உச்சியில் ஒற்றைச் சுரம்,
ஊரடங்கிய தெருவில் சைக்கிள் மணி.
கண்ணாடிக்கு அப்பால் காலினா
பேனாவைக் கீழே வைத்தாள்.

அந்த மௌனத்தைப் பற்றி
மூன்று நாள் அளந்துகொண்டிருந்தேன்:
டிராமில், முடிவெட்டும் கடையில்,
பல் மருத்துவரிடம் வாயைத் திறந்தபடியே,
விவாகரத்தாகி ஆறு வருடமான தெரேஸ்காவிடம்கூட.
வயதானால்தான் வரும் அந்த மாதிரி நிறுத்தம்
என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

நான்காம் நாள் வெட்டி ஒட்டும் வேலை.
திரையில் என் ஏழு நிமிடம்
தின்று முடித்த மீனின் முள்ளாகக் கிடந்தது.
"அடியில் ஏதோ முனகுகிறது" என்றாள்.
ஐம்பது ஹெர்ட்ஸ்.
கீழ் ஜி-க்கு ஒரு மயிரிழை மேலே.
சுவருக்கு அந்தப்பக்கம், அடுக்களையில்,
அவளுடைய குளிர்பெட்டி.

சட்டைக் கையிலிருந்து நூலை உருவுவதுபோல்
அதை உருவி எடுத்தாள்.
மறுபடி ஓடவிட்டோம்.

தப்பென்று சொல்ல முடியாது.
ஆனால் பக்கத்து இருக்கைக்காரர்
போனில் பேசுவதைக் கேட்பதுபோல் இருந்தது.
ஆமாம் என்கிறேன், அப்படியில்லை என்கிறேன்,
யாரிடம்?

உருவியதை மட்டும் தனியே போட்டாள்.
நீளமான முனகல்.
நாலு நிமிடம் பதினோரு நொடியில்
ஒரு குலுக்கல்; நின்றது.
நான் நின்றது
நாலு நிமிடம் பன்னிரண்டில்.

காலினா சிரிக்கவில்லை.
தேநீருக்கு எலுமிச்சை எடுக்கிறேன் என்று
எழுந்துபோய்
குளிர்பெட்டியைத் திறந்தாள்.

மறுநாள் அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு
பதினொரு டேக் வாசித்தேன்.
எல்லாம் கழுவிக் கவிழ்த்த தட்டுகள்.
திரும்பச் செருக மறந்துபோய்
ஊறுகாய் மீன் ஒரு ஜாடி அழுகியதுதான் மிச்சம்.

சரி, என்றாள். மூன்றாவது மைக்கை
அடுக்களைக்கு இழுத்துப் போனாள்.

இம்முறை எனக்குத் தெரியும்.
அது நிற்கும், நானும் நிற்பேன்,
அழகாக நிற்பேன் என்று காத்துக்கொண்டே வாசித்தேன்.
ஐந்து நிமிடம். ஒன்பது.
அன்றைக்கென்று அது நிற்கவில்லை.
நிறுத்தவும் தெரியாமல், போக்கிடமும் இல்லாமல்
பத்தொன்பது நிமிடம்;
ஆள்காட்டி விரலில் கொப்புளம் உடைந்தபோது
என்ன சுரம் என்று யோசிப்பதை விட்டிருந்தேன்.

அதில் இரண்டு நிமிடத்தை எடுத்து
முதல் நாளின் எட்டு நொடிக்குப் பின்னால் ஒட்டினாள்.
தையல் எங்கே என்று
எனக்கே தெரியவில்லை.
முனகலை ஒரு படி இறக்கி
இடதுபக்கம் வைத்தாள்.
வலதுபக்கம் நான்.

வாசித்தவர்கள் பெயர் எழுதும்போது
நிமிர்ந்து பார்த்தாள்.
பிறகு கதவில் என்ன போட்டிருக்கிறதென்று
பார்க்கப் போனாள்.
ஈய எழுத்துகளில் பாதி உதிர்ந்திருந்தன.
மிச்சமிருந்த நாலை
அப்படியே எழுதிக்கொண்டாள்,
என் பெயருக்கு மேலே.