முழங்கைக்குக் கீழே

பார்ப்பதற்கு முன்பே இத்தாலியை எனக்குத் தெரியும்.
கறுப்பு வெள்ளையில்.

துர்ரெஸ் நகரில், நான்காம் மாடியில் எங்கள் வீடு.
இருட்டியதும் ஷ்பெதிம் மொட்டைமாடி ஏறுவான்.
தகர டப்பாக்களை வெட்டி அவன் செய்த ஆன்டெனாவை
மேற்கே திருப்புவான், ஒரு விரற்கடை,
இன்னும் ஒரு விரற்கடை.
வந்துவிட்டதா என்று கத்திக் கேட்க முடியாது,
கீழ்வீட்டுக்காரருக்குப் பாம்புக் காது.
லூமே தண்ணீர்க் குழாயில் கரண்டியால் ஒருமுறை தட்டினால்
இன்னும் இல்லை.
இருமுறை என்றால், நில், அசையாதே.
விடிவதற்குள் அது மறுபடி திரானாவைப் பார்த்து நிற்கும்,
ஒன்றுமறியாத பிள்ளை போல.

அப்படித்தான் ஒரு தேசத்தைப் படித்தேன்.
சோப்புத்தூள் விளம்பரம் என் அரிச்சுவடி.
'மென்மை' என்ற சொல் முதலில் வந்தது,
'ரொட்டி' வெகுநாள் கழித்து.
அந்நாட்டுப் பூனைகள் வெள்ளித்தட்டில் சாப்பிட்டன.
பால் வரிசையில் எங்கள் இடத்தைக் காக்க
அதிகாலை மூன்று மணிக்குச் செங்கல் வைத்துவிட்டு வந்தவள் நான்.
அந்தப் பூனையின் பெயர்
இன்னும் மறக்கவில்லை.

பள்ளிப் புத்தகமும் ஏதோ சொன்னது:
ரோமர்கள் வந்தார்கள், சாலை போட்டார்கள்,
எங்கள் ஊரில் வட்டரங்கம் கட்டினார்கள்.
அதன் மேல் இப்போது வீடுகள், துணிக்கொடிகள்.
அவர்கள் வந்து பார்த்தாயிற்று,
இனி நம் முறை என்றான் ஷ்பெதிம்.

எனக்குப் பிடித்தது வானிலை அறிக்கை.
அன்கோனாவில் மழை. பாரியில் வெயில், பதினேழு டிகிரி.
வரைபடத்தின் வலது ஓரத்தில், கடலுக்கு அப்பால்,
பெயரெழுதாத ஒரு துண்டு நிலம்.
அது நாங்கள்.
வாசிப்பவர் எப்போதும் அங்கேதான் நிற்பார்.
எங்கள் கடற்கரை மொத்தமும் அவர் முழங்கைக்கு அடியில்.
சிசிலியைக் காட்டக் குனியும்போது மட்டும்
ஒரு நொடி தெரிவோம்.
இதோ, இதோ என்பாள் லூமே.
மேகமா வெயிலா என்று பார்ப்பதற்குள்
முழங்கை திரும்பி வந்துவிடும்.

தொண்ணூற்றொன்று, மார்ச்.
சரக்குக் கப்பல். எண்ணியவர் யாருமில்லை.
லூமேக்குக் காய்ச்சல், அவளோடு ஷ்பெதிமும் நின்றுவிட்டான்.
இரவெல்லாம் நின்றபடி
தெரிந்த சொற்களைக் கூட்டிப் பார்த்தேன்:
ஷாம்பூ. பரிசு. இடைவேளைக்குப் பிறகு. நாளை சந்திப்போம்.
பசிக்கிறது என்பதற்குச் சொல் இல்லை.
விளம்பரங்களில் யாருக்கும் பசித்ததில்லை.

பிரிந்திசி. மழை, அறிவித்தபடியே.
படிகளின் உச்சியில் ஓர் உயரமான கல்தூண்,
பக்கத்தில் இன்னொன்றின் பீடம் மட்டும்.
இதை ஏன் ஒருநாளும் காட்டவில்லை?
முதலில் கண்ணில் பட்ட பூனை
மீன்தலையைக் கவ்விக்கொண்டு வலைக்குவியலில் பதுங்கியது,
எலும்பும் தோலுமாய்.
எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

மூன்றாம் நாள் இமாக்கொலாத்தா என்னை வீட்டுக்கு அழைத்துப் போனாள்.
தபால் நிலையத்தில் வேலை, கனத்த குரல்,
என் ஈரச் செருப்பைக் கேட்காமலே அடுப்பருகில் வைத்தவள்.
அவள் அலமாரியில் அதே சோப்புத்தூள்.
பெட்டி ஆரஞ்சு நிறம்.
சிரிக்காதீர்கள்,
எட்டு வருடமாக எனக்கு அது சாம்பல்.

எங்கள் நாட்டைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்றாள்.
அந்த விளம்பரத்தை மெட்டோடு பாடிக்காட்டினேன்.
தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்,
பிறகு சிரிக்கவில்லை.
உன் நாடு, என்று இழுத்தாள்,
கிரீஸுக்குப் பக்கமா, எங்கே?
ஓர் இரவுத் தூரம்தான், சிஞ்ஞோரா.

வானிலை வந்தது, வண்ணத்தில்.
அவருடைய கோட்டு பச்சை என்று அன்றுதான் தெரிந்தது.
எழுந்து போய்த் திரையில் விரல் வைத்தேன்,
பொரிபொரியென்று சிறு மின்சாரம்.
இங்கே, இந்த முழங்கைக்குக் கீழே.
மொட்டைமாடியில் ஒருவன் நனைகிறான்.
குழாயருகே ஒருத்தி, கையில் கரண்டி.

இமாக்கொலாத்தா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு
திரைக்கு அருகே வந்து உட்கார்ந்தாள்.
சிசிலிக்காகக் காத்திருந்தோம்.
அவர் இன்னும் மிலானில்தான் இருந்தார்.