புள்ளி இரண்டு

தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிது.
அடியில் காந்தம், முகத்தில் எண்கள், மூன்று பொத்தான்.
புறக்கோட்டையில் நாலாயிரத்து ஐந்நூறு கேட்டான்,
மழை பிடித்ததும் நாலாயிரத்துக்கு இறங்கினான்.

தலவாக்கலைக்குத் திரும்பும் ரயிலில்
ஜன்னல் கம்பியில் ஒட்டவைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.
நாவலப்பிட்டி தாண்டியதும் எண்கள்
ஓரிடத்தில் நிற்கவில்லை.
எதிரே இருந்தவர் கேட்டார், காய்ச்சல் மானியா?
ஆமாம், மலைக்கு என்றேன்.

கடையில் முதல் வேலை
வாள்மேசைத் தட்டில் வைத்துப் பூச்சியம் அழுத்தியது.
பிறகு வாள் அலகில் ஒட்டினேன்.
ஆறு வருடமாய்த் தொண்ணூறு என்று நம்பியிருந்தது
எண்பத்தொன்பது புள்ளி மூன்று.
நான் செய்துகொடுத்த கதவுகள் எல்லாம்
ஒரே நேரத்தில் காதுக்குள் கிறீச்சிட்டன.

அடுத்தது மங்களேஸ்வரியின் காம்பராவுக்கு ஓர் அலுமாரி.
லிந்துலைப் பக்கம், மேல் டிவிசன், கடைசி லயம்.
பழையதின் கதவு தானாகத் திறந்துகொள்கிறதாம்.
"ராவுல யாரோ வந்து திறக்கிற மாதிரி இருக்குங்க.
கொக்கி போட்டேன், கொக்கியும் கழலுது."
பேயில்லை. தரை.
பள்ளத்தாக்கின் பக்கமாய்
ஒன்று புள்ளி எட்டுப் பாகை.

இங்கேதான் சிக்கல்.
நேராகச் செய்தால்
சாய்ந்த சுவருக்குப் பக்கத்தில்
அலுமாரிதான் கோணலாய்த் தெரியும்.
கண் சுவரைத்தான் நம்பும், அது முந்தி வந்தது.
சாய்வாகச் செய்தால் பார்க்க ஒழுங்கு,
ராத்திரி மறுபடி யாரோ வருவார்கள்.
பொத்தானோ எதற்கும் தயார்.
தரையில் வைத்து அழுத்தினால்
சாய்வே பூச்சியம் ஆகிவிடும்.
வீடு சரி, உலகம்தான் பிசகு என்று சொல்லும்.
எந்தக் கணக்கப்பிள்ளையும்
இவ்வளவு சுலபமாய்க் கணக்கு முடித்ததில்லை.

அவளிடமே கேட்டேன்,
செவரோட பொருந்தணுமா, பூமியோட பொருந்தணுமா?
தாச்சியைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள்.
"உள்ளுக்க நேரா இருக்கட்டும்.
வெளிய எங்க வீடு மாதிரி இருக்கட்டும்."

வாளை ஒன்று புள்ளி எட்டுக்குச் சாய்த்து
கால்களின் அடியை அறுத்தேன்.
பள்ளத்துப் பக்கக் கால்கள் மட்டும்
ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட.
உள்ளே ஒரு பெட்டி, தூக்குக்குண்டு போல நேர்.
வெளியே டர்பன்டைன் பலகையில் அதற்கொரு சட்டை,
சுவரோடு சேர்ந்து சாய்ந்தது.
கதவைப் பாதியில் விட்டால் பாதியில் நின்றது.
மகள் திலுக்ஷனா நடுத்தட்டில் ஒரு போளையை வைத்தாள்.
அது கொஞ்சம் யோசித்தது,
பிறகு இருந்துவிட்டது.

சாமான்களைக் கட்டும்போது மங்களேஸ்வரி,
"அத இந்தச் செவத்துலயும் வச்சுப் பாருங்களேன்."
காந்தம் சுவரில் ஒட்டாது.
இரும்புச் சட்டமொன்றைச் சுவரோடு அழுத்தி
அதில் ஒட்டினேன்.
எண்பத்தெட்டு புள்ளி நான்கு.
கொழுந்து நிறுவைச் சிட்டையைச் சரிபார்க்கும் கவனத்தோடு
அங்கேயே பென்சிலால் எழுதினாள்,
திகதியும் போட்டு.
சட்டம் நின்ற இடத்துக்கும் ஒரு கோடு.

ஐப்பசியில் பதினொரு நாள் மழை.
பன்னிரண்டாம் நாள் போன்.
"அத எடுத்துக்கிட்டு வாங்கண்ணே."
அந்தச் சாமானுக்கு அவள் இன்னும் பெயர் வைக்கவில்லை.

அதே சட்டம். அதே கோடு.
எண்பத்தெட்டு புள்ளி இரண்டு.
எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தேன்.
எண்பத்தெட்டு புள்ளி இரண்டு.

திலுக்ஷனா உறைக்குள் கிடந்த தாளைப் பிரித்தாள்.
நான் ஒருநாளும் பிரிக்காத தாள்.
எழுத்துக் கூட்டி வாசித்துச் சொன்னாள்:
இந்தக் கருவி புள்ளி இரண்டு
கூடவோ குறையவோ காட்டலாமாம்.

"அப்ப செவரு அசையலையா?"
அசையாமலும் இருக்கலாம், என்றேன்.
விற்றவன் மேல், செய்தவன் மேல்,
புள்ளிக்குப் பின்னால் வரும் எல்லா எண்ணின் மேலும்
எனக்குக் கோபம் வந்தது.

மங்களேஸ்வரி ஒன்றும் சொல்லவில்லை.
பழைய எண்ணுக்குக் கீழே புதிய எண்ணை எழுதினாள்.
பிறகு அலுமாரியைத் திறந்து
பிறப்பத்தாட்சிகள், அடையாள அட்டைகள் இருந்த
பொலித்தீன் பையை எடுத்து
வாசலுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள்.

அலுமாரிக் கதவு
அவள் விட்ட இடத்திலேயே
திறந்தபடி நின்றது.