உள்ளளவு

டேப்பின் ஒரு நுனி பெள்ளிராஜ் கையில்.
மறுநுனி என்னிடம்.
இடையில் கோத்தகிரி டவுன் ஹால்,
மூட்டம் விலகினால் உண்டு,
மூடினால் இல்லை.

வெளியளவு எழுபத்தெட்டு அடி, நான்கு அங்குலம்.
உள்ளளவு எழுபது.
சுவர்க் கனம் இரண்டேகால், இரண்டேகால்
கூட்டினாலும் எழுபத்து நாலரைதான்.
மிச்சம் மூன்றடி பத்து அங்குலம்
எங்கே போயிற்று?
"குளிருக்குச் சுருங்கியிருக்கும் மேடம்" என்றான்.
மறுபடி அளந்தோம்.
அதே.

என் தாளின் தலைப்பு: இடிப்பு மதிப்பீடு.
மங்களூர் ஓடு பதினோராயிரத்து நானூறு,
உடைசலுக்கு மூன்றில் ஒன்று கழிக்கவும்.
தேக்குச் சட்டகம் ஒன்பது.
ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு ராஜகம்பம்,
கூரையைத் தாங்கி நிற்பதாகத்தான்
கீழிருந்து எல்லோருக்கும் தோன்றும்.
உண்மையில் அது தொங்குகிறது.
தொங்கியபடியே
கீழே தொய்யப் பார்க்கும் உத்தரத்தை
மேலே இழுத்துப் பிடித்திருக்கிறது.
இதற்குப் படிவத்தில் கன அடி மட்டும்.

வராந்தாவில் வார்ப்பிரும்புத் தூண்கள், பன்னிரண்டு.
பச்சைப் பெயிண்ட் பத்துப் பூச்சுக்கு அடியில்
வார்ப்படக்காரன் பெயர் விரலுக்கு மட்டும் தெரிகிறது.
எடைக்குப் போடலாம், என்று எழுதும்போது
மழை பிடித்துக்கொண்டது.
ஏழாம் தூணில் பூண்டு மூட்டை சாத்தியிருந்த பவளாயி
"காதை வச்சுப் பாரு" என்றார்.
வைத்தேன்.
உள்ளே
ஒரு கூரையின் மழை முழுதும்
இறங்கிக்கொண்டிருந்தது.
தூண் அல்ல, தொண்டை.
வெளியே ஒரு சொட்டு இல்லை.
சந்தைக்காரர்கள் மூட்டையை நகர்த்துவது
வானத்தைப் பார்த்தல்ல,
முதுகில் இரும்பு சில்லிடுவதை வைத்து.

மேடைக்குப் பின்னே மேற்குச் சுவரைத் தட்டினான் பெள்ளிராஜ்.
மூன்று பக்கம் கல்லின் குரல்,
இங்கே தகரடப்பாவின் குரல்.
முன்னாள் தலைவர்களின் படங்களைக் கழற்றிச்
சட்டம் சட்டமாகத் தரையில் சாய்த்தோம்.
கடுக்காயும் கருப்பட்டியும் குழைத்த பழைய பூச்சு அல்ல,
அவசரத்துக்குப் பூசிய சிமென்ட்.
ஒற்றைச் செங்கல்.
ஒரு கல் பெயர்ந்ததும்
செல்போன் வெளிச்சத்தில்
கணப்பு.

வளைவுக்கல், இரும்புக் கிராதி,
புகைபோக்கியிலிருந்து உதிர்ந்த கூட்டுச் சுள்ளிகள்,
கரி.
கரியில் பாதி வேகாத நாற்காலிக் கால் ஒன்று.
வெள்ளைப் பெயிண்டில் எண்: 31.

பவளாயி முந்தானையில் கையைத் துடைத்தபடி
எட்டிப் பார்த்தார். அதிகம் வியக்கவில்லை.
"எழுவத்தி மூணு மார்கழி.
பண்டாரவளையிலருந்து வந்து எறங்கின
பதினாறு குடும்பத்த இதுக்குள்ளதான் போட்டாங்க.
தோட்டத்துல வேல குடுக்கறவரைக்கும்னு.
அண்ணிக்கு இங்கனதான் வலி வந்துச்சு.
புள்ள நீலம் பாரிச்சுப் போச்சு.
எங்கண்ணன் ஒண்ணும் கேக்கல,
நாக்காலிய ஒடச்சான்."

ஒரு நாற்காலிக்காகவா அடைத்தார்கள் கணப்பை?

"ஒண்ணா? நாலு.
மத்தது மூணும் நல்லா எரிஞ்சுது."

அந்தப் பிள்ளை?

"குன்னூர்ல நர்ஸு.
எப்பவும் ஸ்வெட்டரு போடமாட்டா."

மழை விட்ட பிறகும்
தூண்கள் கொஞ்ச நேரம் விழுங்கிக்கொண்டிருந்தன.
பெள்ளிராஜ் டேப்பைச் சுற்றினான்,
ஈரம் பட்ட இடத்தில் சற்று முரண்டியது.
நான் நாற்காலிக் காலை
இருந்த இடத்திலேயே வைத்தேன்.

மறுநாள் செயல் அலுவலர்
வரைபடத்தின் மேல் குனிந்தார்.
மேற்கில் புள்ளிக்கோட்டில் ஒரு வளைவு,
அதன் மேலே, கூரையில் இன்று இல்லாத புகைபோக்கி.
"இடிக்கப் போறதுல இதெல்லாம் எதுக்கும்மா?"

கணக்கு இடிக்குது சார், என்றேன்.
இது இருந்தால்தான்
எழுபத்தெட்டு அடி நான்கு அங்குலம் வருகிறது.