இன்றே தேர்தல் நடந்தால்

மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை
கிரீன் பே நகரில், ஒரு பல் மருத்துவமனையின் மேல்மாடியில்
காதில் கருவியை மாட்டிக்கொண்டு
நான் விஸ்கான்சினைக் கேட்கிறேன்.
கேட்கிறேன் என்றால்
பெரும்பாலும் மணி அடிப்பதைக் கேட்கிறேன்.

பதம் பார்க்க ஒரு சோறு போதுமாம்.
அந்த ஒரு சோறு
போனை எடுக்க வேண்டுமே.

நூறு எண்ணுக்கு இரண்டு பேர் எடுக்கிறார்கள்.
அதில் ஒருவர்
நாயை அடக்கிவிட்டு வருகிறேன் என்று போனவர்
வரவே இல்லை.
நாய்தான் நெடுநேரம் இணைப்பில் இருந்தது.
அதன் கருத்தைப் பதியப் பொத்தான் இல்லை.

கேள்வியை நான் மாற்றக் கூடாது,
குரலையும்.
ஓஸ்குட் பெயருக்கும் கிரப்னர் பெயருக்கும்
ஒரே அளவு மூச்சு.
எது முதலில் என்று கணினி சீட்டுக் குலுக்கிச் சொல்லும்.
"இன்றே தேர்தல் நடந்தால்" என்றுதான் தொடங்க வேண்டும்.
ஆறு வாரமாகத் தேர்தலை
ஐந்து மணிக்கு இன்றைக்கு இழுத்து வருகிறேன்,
ஒன்பது மணிக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

ஓஷ்காஷில் ஒருவர் வேட்பாளர்களை விட்டுவிட்டு
பாலம் பழுதான கதையைப் பதினொரு நிமிடம் சொன்னார்.
அழுத்தினேன்: மற்றவை.
வாசாவில் ஒரு மோங் தையல்காரருக்கு
மகன் மொழிபெயர்த்தான்.
அப்பா நீளமாகப் பேசினார், நடுவில் ஒருமுறை சிரித்தார்,
எதையோ எண்ணி எண்ணிச் சொன்னார்.
மகன், "கிரப்னர்" என்றான்.

அக்டோபர் கடைசி வியாழன். எட்டு ஐம்பது.
மாரினெட் கவுண்டி. ஆண். வயது இருபத்து மூன்று.
கல்லூரி இல்லை. சீஸ் ஆலையில் இரவு வேலை.
இப்படி ஒருவன் போனை எடுப்பது
வறண்ட கிணற்றில் வாளி நனைவது மாதிரி.
பின்னால் யாரோ "வெய்லன், கார் கிளம்புது" என்று கத்த,
"சீக்கிரம் கேளுங்க" என்றான்.
கேட்டேன்.
"யாருன்னு இன்னும் நெனைக்கல.
ரெண்டு பேரும் எங்கம்மா டிவியிலதான் வர்றாங்க."
யார் பக்கமாவது சாய்கிறீர்களா?
"சாயறதுக்கு எங்க நேரம்?"

மறுநாள் யானோவ்ஸ்கி அவனுக்கு எடை போட்டாள்.
அவனைப் போன்றவர்கள் எங்கள் வலையில் குறைவு.
ஆகவே அவன்
நான்கு புள்ளி ஒன்று ஆள்.
சாய நேரமில்லாத ஒருவன்
நாலு பேராகி, கூடவே ஒரு விரலும் முளைத்து
அட்டவணைக்குள் நடந்து போனான்.
நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்பது வழக்கு.
இந்த நாலு பேர் வாயே திறக்கவில்லை.

ஓஸ்குட் நாற்பத்தேழு, கிரப்னர் நாற்பத்தாறு.
அந்த ஒன்று தொலைக்காட்சியில் கொட்டை எழுத்தில் வந்தது.
பிழை வரம்பு மூன்றரை
திரையின் அடியில் எறும்பாக ஊர்ந்தது.

தேர்தலன்று ஈரப்பனி.
ஆயிரத்து இருநூற்றுச் சொச்சத்தில் கிரப்னர்.
அத்தனை பேரையும்
ஒரு பள்ளிக்கூட விளையாட்டரங்கில் உட்காரவைத்துவிடலாம்,
கடைசி வரிசையில் இடம்கூட மிஞ்சும்.
"கணிப்பு கவிழ்ந்தது" என்றது சேனல்.
"வரம்புக்குள்தான்" என்றாள் யானோவ்ஸ்கி,
காபி இயந்திரத்திடம்.

டிசம்பரில் மறு அழைப்புப் பட்டியல் வந்தது.
எண்ணின் கடைசி நான்கைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.
இரண்டாவது மணியில் எடுத்தான்.
வாக்களித்தீர்களா?
"அன்னைக்கு ஷிப்ட நீட்டிட்டாங்க."
நான் 'இல்லை'யை அழுத்தினேன்.
பிறகு அவன், கொஞ்சம் தயங்கி,
"நான் போட்டிருந்தா ஏதாவது மாறியிருக்குமா?" என்றான்.

என் தாளில் அதற்கு வரி இல்லை.
அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.
நாலு பேரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள்,
அந்த விரலும்.